ரூட்டர் மடியிலேயே இருக்கட்டும்

வேணாம் தம்பி, பை மடியிலேயே இருக்கட்டும். மேல வெச்சா கீரனூர் தாண்டினதும் இந்த பஸ்காரன் குலுக்குற குலுக்குல விழுந்துடும். நீங்க தாராளமா காலை நீட்டி உக்காருங்க. பலகாரமெல்லாம் இல்ல, ரூட்டர். வீட்டுல நெட்டுக்கு வைப்பாங்கள்ல, பச்சையா ஒரு லைட்டு மினுக்கிக்கிட்டே இருக்குமே, அந்தப் பொட்டி. அறந்தாங்கில ஒருத்தர்கிட்ட குடுக்கணும். யாருகிட்டயா? என் சம்சாரத்துகிட்டதான்.

சண்டையெல்லாம் இல்ல தம்பி. அப்படி நினைச்சுடாதீங்க. இது முழுக்க முழுக்க நெட்டு சம்பந்தப்பட்ட விஷயம்.

என் பேரு திருஞானம். கடைத் தராசு, எடைக்கல்லு, பெட்ரோல் பங்க்ல ஊத்துற அளவு, இதெல்லாம் சரியா இருக்கான்னு பாத்து முத்திரை வைக்கிற ஆபீஸ் ஒண்ணு இருக்கு தெரியுமா? நிறையப் பேருக்குத் தெரியாது. அதுல ஆய்வாளரா இருந்து ரிட்டயர் ஆனவன். தராசுத் தட்டுக்கு அடியில புளியை ஒட்டி வெச்சு வியாபாரம் பண்ணவனையெல்லாம் பிடிச்சிருக்கேன். எடைக்கல்லைக் கையில வாங்கினாலே போதும், குறையுதா கூடுதான்னு சொல்லிடுவேன். அப்படியாப்பட்ட ஆளை, ஒரு கம்பெனி ஒன்பது வருஷம் ஏமாத்தியிருக்குன்னா உங்களால நம்ப முடியுதா?

குறிஞ்சி ஃபைபர்னு பேரு. திருச்சில எங்க ஏரியாவுல மொத மொதல்ல வயர் இழுத்தவங்க அவங்கதான். ஒன்பது வருஷமா அவங்கதான் எங்களுக்கு. ஒரு மாசம் பாக்கி வெச்சது கிடையாது. நடுவுல நெட்டு போனாக்கூட, சரி பாவம், மழைக்காலம்னு பொறுத்துக்கிட்டவன் நான். அப்ப மாடிக்கு அருள்செல்வன்னு ஒரு பையன் குடிவந்தான். அவனும் குறிஞ்சிலயே கனெக்ஷன் வாங்கினான். அதே கம்பம், அதே வயர். ஆனா அவனுக்கு மூணு மாசம் ஓசி, ஸ்பீடு டபுள், போதாக்குறைக்குப் புது ரூட்டர். என் ரூட்டருக்கு ரெண்டு கொம்பு தம்பி. அவன் ரூட்டருக்கு நாலு கொம்பு.

நேரா ஆபீசுக்குப் போயிட்டேன். அங்க ஒரு பொண்ணு உக்காந்திருந்துச்சு. "ஏம்மா, நேத்து வந்தவனுக்கு அள்ளிக் குடுக்கறீங்க, ஒன்பது வருஷமா இருக்கறவனுக்கு ஒண்ணும் கிடையாதா?"ன்னு கேட்டேன். "சார், அது நியூ கஸ்டமருக்கு மட்டும்"னுச்சு. "அப்ப நான் யாரு?"ன்னேன். "நீங்க ஆல்ரெடி எங்ககிட்டதானே சார் இருக்கீங்க"ன்னு சிரிச்சுக்கிட்டே சொல்லுது.

பாத்தீங்களா? ஆல்ரெடி நம்மகிட்டதானே இருக்கான், இவன் எங்க போயிடப் போறான்னு ஒரு நெனப்பு. பழகப் பழகப் பாலும் புளிக்கும்னு சொல்லுவாங்க. அன்னிக்கு எனக்கு வயித்தெரிச்சல்ல சோறு எறங்கல. கூட இருக்கறவங்களோட அருமை தெரியாதவன் எப்படித் தம்பி உருப்படுவான், நீங்களே சொல்லுங்க.

அதுக்கப்புறம்தான் இதுல எறங்கினேன். இதுல ஒரு நுணுக்கம் இருக்கு, தெரிஞ்சு வெச்சுக்கோங்க, உங்களுக்கும் உதவும். போன் போட்டு, எனக்குக் கனெக்ஷன் வேணாம், நான் போறேன்னு சொல்லணும். சொல்லிட்டு சும்மா இருக்கணும். கோவப்படக் கூடாது, காரணம் சொல்லக் கூடாது. ரெண்டு நாள்ல அவங்களே கூப்புடுவாங்க. மொத போனை எடுக்கவே கூடாது. ரெண்டாவதும் வேணாம். மூணாவதுல எடுத்தா, குரல்ல தேனு ஒழுகும். "வணக்கம் சார், நீங்க எங்களை விட்டுப் போறதா கேள்விப்பட்டோம். ரொம்ப வருத்தமா இருக்கு சார். எங்க சேவையில உங்களுக்கு என்ன குறை? மனசு விட்டுச் சொல்லுங்க சார், சரி பண்ணிக்கிறோம்." எல்லாத் தடவையும் வேற வேற பொண்ணு, ஆனா வசனம் ஒண்ணுதான். எனக்கு மனப்பாடமே ஆயிடுச்சு. அப்ப ஒரு ஆஃபர் சொல்லுவாங்க. அதுக்கும் மசியக் கூடாது. உண்மையாவே வேற கம்பெனிக்குப் போயிட்டு, கொஞ்ச நாள் கழிச்சு வேற பேருல திரும்ப வந்தா புது கஸ்டமர். ராஜ உபசாரம்தான். அழுத புள்ளைக்குத்தான் பாலு தம்பி. போறேன்னு சொல்றவனுக்குத்தான் மதிப்பு. போறேன்னு சொல்றவன் போகறதுக்குச் சொல்லல, எதையோ கேக்கறான்னு அர்த்தம். அது அந்தக் கம்பெனிக்காரனுக்குத் தெரியும். அதனாலதான் அவன் கம்பெனி நடத்துறான்.

இந்த போனெல்லாம் ஸ்பீக்கர்ல போட்டுத்தான் பேசுவேன். மங்கையும் கேக்கட்டும்னு. மங்கைன்னா என் சம்சாரம், மங்கையர்க்கரசி. ஒரு நாள் அடுப்படில நின்னு கேட்டுக்கிட்டே இருந்தவ, "அந்தப் பொண்ணு எவ்வளவு பதமா கேக்குது பாருங்க, என்ன குறைன்னு"ன்னா. "அதுக்கு அதான் வேலை, சம்பளம் குடுக்கறாங்க"ன்னு சொன்னேன். "சம்பளம் குடுத்தா நீங்களும் கேப்பீங்களா?"ன்னா. அவளுக்கு இப்படி வேடிக்கையா பேசற பழக்கம் உண்டு. நானும் சிரிச்சேன்.

குறிஞ்சிலேர்ந்து விண்மீன்னு இன்னொரு கம்பெனிக்கு, விண்மீன்லேர்ந்து குறிஞ்சிக்குன்னு ஒரு மூணு வருஷம் ஓட்டினேன். ஹால் சுவத்துல வயர் போட்ட ஓட்டை மட்டும் பாத்தா சல்லடை மாதிரி இருக்கும். அதை மறைக்க மங்கை ஒரு காலண்டர் மாட்டினா. அப்புறம் ரெண்டு காலண்டர். எங்க வீட்டுக்கு வர்றவங்க, என்ன சார் இத்தனை காலண்டர், அவ்வளவு நாள் பாக்கறீங்களான்னு கேப்பாங்க.

ஒரே ஒரு சங்கடம், ஒவ்வொரு தடவை மாத்தும்போதும் நடுவுல நாலஞ்சு நாள் நெட்டு இருக்காது. எனக்கு அது ஒண்ணும் பெரிசில்ல, பேப்பர் படிப்பேன். மங்கைக்குத்தான் கொஞ்சம் சிரமம். அவ ஆரி ஒர்க் கிளாஸ் எடுக்கறா தம்பி. ரவிக்கையில ஜரிகை, மணியெல்லாம் வெச்சு ஊசியால குத்திக் குத்தித் தைப்பாங்களே, கல்யாணப் பொண்ணுங்க போடுறது, அது. பொண்ணைக் கட்டிக் குடுத்தப்புறம் தானா கத்துக்கிட்டு, போனை ஒரு ஸ்டாண்டுல மாட்டி வெச்சு, ஊர் ஊரா இருக்கற பொம்பளைங்களுக்குச் சொல்லிக் குடுக்க ஆரம்பிச்சா. சிங்கப்பூர்லேர்ந்துகூட ஒரு அம்மா. மத்தியானம் ஹால் பக்கம் போனா, "அக்கா அக்கா"ன்னு ஒரே சத்தமா இருக்கும். எங்க வீட்டுக்குள்ள செல்லுல பேசத்தான் முடியும், செல்லு நெட்டு வீடியோவுக்குப் பத்தாது. அதனால நெட்டு இல்லாத நாள்ல அவ மாடிக்கு அருள்செல்வன் வீட்டுக்குப் போயிடுவா. ஆரி ஸ்டாண்டையும் தூக்கிக்கிட்டு, படியேறி. துணியை இழுத்துக் கட்டுற மரச் சட்டம் தம்பி அது, நல்ல கனம். எத்தனை கிலோ இருக்கும்னு நான் கையில தூக்கிப் பாத்ததில்ல. ஆனா பாத்தாலே தெரியும், கனம்னு. அப்படிப் பிரச்சனை தீந்துபோச்சு. பாதில சில பேரு கிளாஸ விட்டுப் போயிட்டாங்கன்னு சொல்லிக்கிட்டிருந்தா. "போனா போறாங்க, புதுசா ஆள் சேத்துக்க"ன்னு சொன்னேன். நல்ல யோசனைதானே?

கடைசித் தடவைதான் கொஞ்சம் பிசகிடுச்சு. என் பேரும் முடிஞ்சது, பொண்ணு பேரும் முடிஞ்சது. மிச்சம் இருந்தது மங்கை பேரு மட்டும்தான். எங்க வீட்டுல கரண்டு, கேஸு, தண்ணி வரி எல்லாம் என் பேருல. அவ பேருல ஒண்ணும் கிடையாது. விண்மீன்ல அவ பேரு குடுத்து, அவ போனுக்கு ஓடிபி வந்துச்சு. அதைச் சொல்லிட்டு, "அப்ப இது என்னோடதாங்க?"ன்னு கேட்டா. "பேருக்கு உன்னோடது"ன்னேன். கொஞ்ச நேரம் அந்த போனையே பாத்துக்கிட்டிருந்தா.

அந்தத் தடவை, புது லைன் வர்ற அன்னிக்குத்தான் பழைய லைனை வெட்டணும்னு சொல்லியிருந்தேன். அந்தக் குறிஞ்சிக்காரப் பசங்க ரெண்டு நாள் முந்தியே வெட்டிட்டாங்க. அன்னிக்குப் பாத்து அவளுக்கு ஏதோ கடைசி கிளாஸாம். ஆறு மாசம் கத்துக்கிட்டவங்க ஆளாளுக்குத் தச்ச ரவிக்கையை அவகிட்ட காட்டணுமாம். பட்டுப்புடவை கட்டி, பூ வெச்சு உக்காந்திருந்தா. நான் பேப்பர் படிச்சுக்கிட்டிருந்தேன். திடீர்னு சத்தமே இல்ல. எட்டிப் பாத்தா, போன்ல அந்த சிங்கப்பூர் அம்மா ரவிக்கையைத் தூக்கிப் புடிச்ச மேனிக்கு அப்படியே நிக்குது. அதுக்கப்புறம் அதுவும் போயிடுச்சு. மாடிக்கு ஓடினா. அன்னிக்கு அருள்செல்வன் வீடு பூட்டியிருந்துச்சு.

இறங்கி வந்து என் எதிர்ல உக்காந்தா. "நான் அறந்தாங்கி போறேன்"ன்னா. அங்க அவ தங்கச்சி இருக்கா, பெரிய வீடு. நான் பேப்பர்லேர்ந்து நிமிர்ந்து பாத்தேன். திரும்பவும் சொன்னா, "நான் போறேங்க." கோவப்படல, காரணமும் சொல்லல.

எனக்குப் புரிஞ்சுபோச்சு தம்பி. போறேன்னு சொல்றவங்க என்ன செய்வாங்கன்னு எனக்குத் தெரியாதா? அதுல பழம் தின்னு கொட்டை போட்டவன் நான். இப்பப் பிடி குடுக்கக் கூடாது. "சரி, போயிட்டு வா"ன்னு சொன்னேன்.

மறுநா காலையில ஆட்டோ வந்துச்சு. பஸ் ஸ்டாண்டுக்கு அவன் அநியாயமா கேட்டான். நான் விடுவேனா? பேசிப் பேசிப் பாதியாக் குறைச்சுட்டுத்தான் அவளை ஏத்திவிட்டேன். ஆரி ஸ்டாண்டை நான்தான் தூக்கி வெச்சேன். அப்பத்தான் தெரிஞ்சுது, நான் நினைச்சதைவிடக் கனம். "இதை எதுக்கு எடுத்துட்டுப் போற, ரெண்டு நாளைக்கு?"ன்னு கேட்டேன். அவ டிரைவரைப் போகச் சொன்னா. ஆட்டோ சத்தத்துல காதுல விழுந்திருக்காது.

அப்புறம் அவ போன் பண்ணுவான்னு காத்திருந்தேன். மொத போனை எடுக்கக் கூடாதுங்கறதுல உறுதியா இருந்தேன். போன் வந்தாத்தானே எடுக்காம இருக்கறதுக்கு? இதோ, புதுக்கோட்டை வந்துடுச்சு. வெள்ளரிப்பிஞ்சு சாப்பிடுறீங்களா? அட, கூச்சப்படாதீங்க, நான் வாங்குறேன். ஏம்மா, உப்பு மிளகாப்பொடி தூவிக் குடு. எங்க விட்டேன்?

ஆங். விண்மீன்காரன் வந்து புது லைன் போட்டான். ரூட்டர் பாத்தீங்கன்னா, ஆறு கொம்பு. மங்கையர்க்கரசின்னு பேரு வரும் போன்ல, நெட்டு பட்டியல்ல. அவனே அப்படி வெச்சுட்டுப் போயிட்டான். நல்ல ஸ்பீடு. ஹால்ல தனியா உக்காந்து ஸ்பீடு எவ்வளவு வருதுன்னு பாப்பேன். மறுபடி பாப்பேன். வேற என்ன செய்யறது.

ஒரு மாசம் போயிருக்கும். திடீர்னு நெட்டு நின்னுபோச்சு. பச்சை லைட்டு செவப்பாயிடுச்சு. கஸ்டமர் கேருக்குப் போட்டேன். "சார், இந்தக் கனெக்ஷன் அறந்தாங்கிக்கு ஷிஃப்டிங் ஆயிருக்கு"ங்குது ஒரு பொண்ணு. "யார் சொல்லிப் பண்ணீங்க?"ன்னு குதிச்சேன். "கஸ்டமர் சொல்லித்தான் சார்." "கஸ்டமர் நான்தாம்மா." "இல்ல சார், கஸ்டமர் பேரு மங்கையர்க்கரசி. நீங்க யாரு சார்?"

கேக்குற கேள்வியைப் பாருங்க. "நான் அவங்க வீட்டுக்காரர்மா"ன்னேன். "அப்ப அவங்ககிட்டயே நீங்க கேட்டுக்கலாமே சார்"னு சொல்லிட்டு, "வேற ஏதாவது உதவி வேணுமா சார்?"னு கேட்டுச்சு. இந்தத் தடவை என்ன குறைன்னு கேக்கல. நான் கஸ்டமர் இல்லல்ல, கேக்காது.

ஆனா ஒண்ணு தம்பி, அவ விவரத்தைப் பாருங்க. புதுசா வேற கனெக்ஷன் போட்டிருந்தா வயர் இழுக்கத் தனியாக் கேப்பான். ஷிஃப்டிங்னா ஓசி. அது நான் எப்பவோ பேச்சுவாக்குல சொன்னது. ஞாபகம் வெச்சிருந்திருக்கா பாருங்களேன். அங்க ஒரு ரூம்ல, இப்போதைக்குத் தங்கச்சி போன் நெட்டுல கிளாஸ் ஆரம்பிச்சுட்டாளாம். விட்டுப் போனவங்கள்ல பாதிப் பேரு திரும்பி வந்துட்டாங்களாம். எங்க பொண்ணுதான் போன்ல சொன்னா. இன்னும் என்னென்னமோ சொன்னா. நான் போனை வெச்சுட்டேன்.

அப்புறம் முந்தா நேத்து மங்கைகிட்டேர்ந்து மெசேஜ். போனதுக்கப்புறம் மொத மெசேஜ். "விண்மீன் ரூட்டர், அடாப்டர் ரெண்டும் இங்க வேணும். குடுத்தனுப்புங்க." அவ்வளவுதான். நல்லா இருக்கீங்களா, சாப்பிட்டீங்களா, ஒண்ணும் இல்ல. ஆனா மொதல்ல மெசேஜ் போட்டது யாரு? அவதானே? அதை நீங்க கவனிக்கணும்.

கூரியர்லயா? அட, அவன் தூக்கித் தூக்கிப் போடுவான் தம்பி. கொம்பு ஒடைஞ்சுட்டா யாரு பொறுப்பு? அப்புறம் அருள்செல்வனும் சொன்னான், எனக்கு அறந்தாங்கில ஃப்ரெண்டு இருக்கான், குடுத்தனுப்புறேன் சார்னு. நான்தான் வேணாம்னுட்டேன். சும்மா வீட்டுலதானே இருக்கேன்.

புதுக் கனெக்ஷனா, எனக்கா? நீங்களும் விவரமான ஆளுதான். ஆமா, இப்பப் போட்டா நான் புது கஸ்டமர்தான். வீட்டு அட்ரஸ்ல ஒரு கனெக்ஷனும் இல்ல, என் பேருல இருந்ததும் பழசாயிடுச்சு. இதுவரைக்கும் இல்லாத ஆஃபர் குடுக்கறான், ரெண்டு கம்பெனியும் மாத்தி மாத்தி போன் பண்றான். போடலாம்தான்.

போடல. யாரு பாக்கறதுக்கு? மத்தியானம் அந்த ஹால்ல உக்காந்தா காது அடைச்சுக்குது தம்பி. "அக்கா அக்கா"ன்னு அந்தச் சத்தம் அப்பல்லாம் பேப்பர் படிக்கவிடாது. இப்பப் பேப்பரைத் தொடறதே இல்ல. ஆளில்லாத வீட்டுக்கு நெட்டு எதுக்கு?

அதோ, அறந்தாங்கி வந்துடுச்சு போலருக்கே. ஒரு விஷயம் கேக்கறேன், சிரிக்கக் கூடாது. கதவைத் தொறந்ததும் மொதல்ல என்ன பேசறதுன்னு திருச்சிலேர்ந்து யோசிச்சுக்கிட்டே வர்றேன். எனக்குப் பேசத் தெரியாதுன்னு இல்ல. கடைக்காரங்ககிட்ட, கம்பெனிக்காரங்ககிட்டல்லாம் மணிக்கணக்கா பேசியிருக்கேன். இது வேற. அந்தப் பொண்ணுங்க கேக்குமே போன்ல, என்ன குறை, மனசு விட்டுச் சொல்லுங்கன்னு, அதையே கேட்டுடலாமான்னு பாக்கறேன். மனப்பாடமா இருக்கு. ஆனா அதுங்க கேட்டுட்டு போனை வெச்சுடும். நான் கேட்டா, அவ சொல்லுவா. நின்னு கேக்கணும்ல. அதான் யோசனை.

அட, நான் எந்திரிக்கறதுக்குள்ள பையைத் தூக்கிட்டீங்களே, குடுங்க, நானே எடுத்துக்கறேன். என்ன, லேசா இருக்கா? ரூட்டர் அவ்வளவுதான் தம்பி எடை. அடாப்டரா?

அடாப்டர் வீட்டுல இருக்கு. டிவிக்குப் பக்கத்துல, எடுத்துத் துடைச்சு வெச்சிருக்கேன். அது இல்லாம இது ஓடாதுன்னு எனக்குத் தெரியாதா? மறந்துட்டேன்னு சொல்லிடுவேன். நாளைக்கு அதைக் கொண்டுவந்து குடுக்க இன்னொரு தடவை வரணும்ல. இத்தனை வருஷத்துல நான் ஒரு சாமானையும் மறந்தவன் இல்லன்னு அவளுக்கு நல்லாத் தெரியும்.

தெரியட்டும். வர்றேன் தம்பி.